தம்பிக்கு எந்த மாத்திரை?

ஆண்டு மலருக்கு வழக்கம்போல ஒரு ரயில்வே அனுபவம் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். சென்ற முறை சிந்த்வாரா சின்ன ரயில் பாதையைப் பற்றி எழுதியபோது அன்பர்கள் பலர் பாராட்டினீர்கள். இந்த முறை வேறொன்று எழுத ஆசைப்படுகிறேன். 1990-இலிருந்து எங்கள் வீட்டு நான்கு சுவருக்குள்ளேயே வைத்திருந்த விஷயம்.

எழுதலாமா என்று முதலில் தம்பியிடம்தான் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க அண்ணே. தெரிஞ்சவங்களுக்குத் தெரியத்தான் செய்யும், பரவாயில்ல. எழுதினதை எங்கிட்டக் காட்டிட்டுக் கொடுங்க" என்றான். காட்டினேன். ஓர் இடத்தில் திருத்தம் செய்தான். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து, 1982-இல் ரயில்வேயில் சேர்ந்து, 37 வருடம் தண்டவாளம் பராமரித்துவிட்டு ஓய்வு பெற்றவன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் எதிரில் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குப் பதினேழு வருடம் தெரியாமல் இருந்தது. அதை மட்டும்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

1990-இல் தம்பிக்கு வயது 26. நாக்பூரில் என் குவார்ட்டர்ஸில் எங்களோடு தங்கி, ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தான். அந்த மழைக்காலத்தில் மாடி வீட்டிலிருந்து தன்னைப் பற்றி மராத்தியில் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். மாடி வீட்டில் இருந்ததோ பாலக்காட்டுக் குடும்பம். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலக்கிறார்கள் என்றான். குளிப்பதை நிறுத்தினான். அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா வந்து விபூதி மந்திரித்துப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்துத்தான் மனநல டாக்டரிடம் போனோம். ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். மனச்சிதைவு என்று தமிழில் எழுதுகிறார்கள்.

ஹாலோபெரிடால் என்ற மாத்திரையும், அதனால் வரும் விறைப்பைக் குறைக்க இன்னொரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் குரல்கள் குறைந்தன. அந்த மருந்துக்கு அந்த நன்றியை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கூடவே வேறொருவன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முகத்தில் அசைவே இல்லை. கை வீசாமல் பொம்மை போல நடந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது. என் மனைவி பரிமாறினால், "போதும் மதினி" என்று சொல்லவே அரை நிமிடம் ஆகும்.

அதைவிடப் பெரிய தொந்தரவு, உட்கார முடியாமல் போனது. வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே இருப்பான். உட்கார்ந்தால் எழுவான், எழுந்தால் நடப்பான், ராத்திரி இரண்டு மணிக்கும் நடப்பான். நோய் முற்றுகிறது என்று நாங்கள் பயந்தோம். டாக்டரிடம் என்னுடைய இந்தியில் சொன்னேன். கேங்மேன்களோடு பேசிக் கற்ற இந்தி. "உஸ்கோ பஹுத் கப்ராஹட் ஹை" என்றேன். கப்ராஹட் என்றால் பதற்றம், பயம். நான் சொல்ல வேண்டிய வார்த்தை பேச்சைனி. நம் ஊரில் 'இருப்புக்கொள்ளவில்லை' என்கிறோமே, அது. நான் பதற்றம் என்று சொன்னதால் டாக்டர் நோய்தான் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணி 10 மில்லிகிராமை 15 ஆக்கினார். நடை இன்னும் வேகமாயிற்று.

அந்த நடை நோயே அல்ல, மாத்திரை உண்டாக்கியது என்று எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து. அகதீசியா என்று அதற்குப் பெயர். அனுபவித்தவர்கள், எலும்புக்குள் எறும்பு ஓடுவது போல இருக்கும் என்கிறார்கள். சிலருக்கு அந்த வேதனையில் உயிரை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றுமாம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு நோயாளி கிளர்ச்சியில் இருப்பது போலத் தெரியும். மருந்தின் அளவை ஏற்றினால் கூடும், குறைத்தால் தணியும். ஒரு வார்த்தைப் பிழையால் என் தம்பி ஒன்றரை வருடம் வராந்தாவில் நடந்தான்.

1992-இல் மாத்திரை நின்றுபோயிற்று. இங்கேதான் அவன் திருத்தினான். 'தம்பி மாத்திரை சாப்பிட மறுத்தான்' என்று நான் எழுதியிருந்தேன். 'மறுத்தான்' என்பதை அடித்துவிட்டு 'சாப்பிட முடியவில்லை' என்று எழுதினான். அப்படியே இருக்கட்டும்.

ஆறு மாதத்தில் குரல்கள் திரும்பின. வேலையும் போயிற்று. 1993-இல் தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார்: அதே ஹாலோபெரிடால் சொட்டு மருந்தாக வருகிறது, நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை, காபியில் கலந்தால் தெரியாது. டாக்டரும் எழுதிக் கொடுத்தார். அப்போது அது பல வீடுகளில் நடந்த காரியம். இப்போதும் நடக்கிறது. நான்தான் கலந்தேன். காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் நானே காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். அண்ணன் கையால் காபி கொடுக்கிறான் என்று அவனுக்குச் சந்தோஷம்.

நான்காம் நாள் சாயங்காலம் அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே சொருகி நின்றுவிட்டன. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், "என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். தம்பி குழறியபடியே, "எதுவும் இல்லை" என்றான். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவன் முன்னால் நான் சொல்ல வேண்டியதாயிற்று.

ஓர் ஊசி போட்டார்கள். அரை மணிக்குள் கழுத்து நேரானது. டிஸ்டோனியா என்பது அதன் பெயர். மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில், முக்கியமாக இளவயது ஆண்களுக்கு வருவது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஊசியில் சரியாகிவிடும். ஆனால் அன்றைக்குத் திருகியது கழுத்து மட்டும் அல்ல. மறுநாள் காலை அவன் வீட்டில் இல்லை. பதினோராம் நாள் இட்டார்சி ஸ்டேஷனில், என்னோடு பயிற்சியில் இருந்த ஒருவர் அவனை அடையாளம் கண்டு ஆள் போட்டு அனுப்பிவைத்தார். ரயில்வே வேலையால் எனக்குக் கிடைத்த எல்லாப் பலன்களிலும் அதுவே பெரிது.

இந்த மருந்துகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1952-இல் பாரீஸில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் இந்த நோய்க்கு மருந்து என்று சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை. ஹாலோபெரிடால் 1958-இல் பெல்ஜியத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையை இவை தடுக்கின்றன. குரல்கள் அடங்குவது அதனால்தான். ஆனால் கை கால் அசைவை நடத்துவதும் டோபமின்தான். பால் சுரக்கும் ஹார்மோனை அடக்கி வைப்பதும் அதுவேதான். ஒரு லைனை மூடப் போய், ஜங்ஷனில் மூன்று லைனும் மூடிக்கொள்வது போன்றது.

2001-இல் ஓலன்சபின் என்ற புதிய மாத்திரைக்கு மாற்றினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் தீபாவளிதான். விறைப்பு போயிற்று. நடை நின்றது. ராத்திரி தூங்கினான். ஒரு நாள் டி.வி.யில் நகைச்சுவைக் காட்சி பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். என் மனைவி அடுக்களைக்குள் போய் அழுதாள்.

சாப்பாடும் கூடிற்று. நான்கு இட்லி எட்டாயிற்று. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி என்பான். 58 கிலோ இருந்தவன் ஐந்து வருடத்தில் 84 கிலோ ஆனான். நம் குடும்பங்களில் இதை யார் தொந்தரவு என்று நினைப்பார்கள்? "உடம்பு தேறிட்டான், முகம் தெளிஞ்சிருக்கு" என்று ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, தாய்மாமனுக்குச் சர்க்கரை. அதை எந்த டாக்டரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. 2006-இல் காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய்ப் பார்த்தபோது, வெறும் வயிற்றில் சர்க்கரை 240. தண்டவாளத்தின் இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து ரிஜிஸ்டரில் எழுதி வைத்தவன் நான். ஐந்து வருடத்தில் ஒரு முறைகூடத் தம்பிக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தப் புண்ணுக்காகப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அங்கே பீடி பிடிக்க முடியவில்லை. நான்காவது நாளிலிருந்து எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கம். சர்க்கரையால் என்று நினைத்தோம். உண்மைக் காரணம் வேறு. பீடி சிகரெட் புகை, ஈரல் ஓலன்சபினை உடைத்து வெளியேற்றும் வேகத்தைக் கூட்டுகிறது. புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தேங்குகிறது. குளோசபின் என்ற மருந்துக்கும் இதே கதைதான். புகைப்பவர் திடீரென்று நிறுத்தினாலும், நிறுத்தியவர் மறுபடி தொடங்கினாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பீடியை ஒளித்து வைப்பதில் காட்டிய அக்கறையை நாங்கள் இதில் காட்டவில்லை.

2007-இல் வேறொரு டாக்டரிடம் போனோம். நடுத்தர வயது மராத்தி அம்மையார். என்னைப் பார்த்துப் பேசாமல் தம்பியைப் பார்த்துப் பேசினார். முதல் கேள்வியே இதுதான்: "இதுவரை சாப்பிட்ட மருந்துகளில், இனி எது வந்தாலும் பொறுக்க மாட்டேன் என்று எதைச் சொல்வீர்கள்? எது வந்தாலும் சமாளித்துக்கொள்வீர்கள்?"

பதினேழு வருடத்தில் அவனை அப்படி யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. தம்பி வெகுநேரம் யோசித்தான். பிறகு இந்தியில் சொன்னான். "கழுத்து முறுக்கிக்கொள்வது வேண்டவே வேண்டாம். நடந்துகொண்டே இருப்பதும் வேண்டாம். எடை இனி ஏறக் கூடாது, காலை எடுத்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. தூக்கம் வந்தால் பரவாயில்லை. வாய் உலர்ந்தால் தண்ணீர் குடித்துக்கொள்வேன்."

அந்த அம்மையார் ஒரு தாளை எடுத்து மருந்துகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன வரும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஹாலோபெரிடாலில் எடை அவ்வளவாக ஏறாது, ஆனால் விறைப்பும் முறுக்கும் அதிகம். ரிஸ்பெரிடோன் குறைந்த அளவில் விறைப்பு தராது, அளவு ஏற ஏறத் தரும், பால் சுரக்கும் ஹார்மோனையும் ஏற்றும். அமிசல்ப்ரைடும் அந்த ஹார்மோனை ஏற்றுவதில் சளைத்ததல்ல. குவெட்டியபினில் விறைப்பு மிகக் குறைவு, ஆனால் தூக்கம் தள்ளும், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், எடையும் ஓரளவு ஏறும். ஸிப்ரசிடோன் எடை ஏற்றாது, ஆனால் முழுச் சாப்பாட்டோடு சாப்பிடாவிட்டால் உடம்பில் சேராது, இதயத் துடிப்பில் சிக்கல் வரக்கூடும் என்பதால் இ.சி.ஜி. பார்க்க வேண்டும். அரிப்பிப்ரசோல் எடையும் அதிகம் ஏற்றாது, ஹார்மோனையும் ஏற்றாது. ஆனால் அதே இருப்புக்கொள்ளாமை சிலருக்கு வரும். அதன் பிறகு லூராசிடோன் போன்ற சில வந்திருக்கின்றன. அதுவும் எடையில் சாது, சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும்.

"இவற்றில் எது நல்ல மருந்து, மேடம்?" என்று நான் கேட்டேன். பெரும்பாலானவற்றின் நோய் தீர்க்கும் சக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை, தொந்தரவில்தான் வித்தியாசம் என்றார். 2013-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 15 மருந்துகளையும், 2019-இல் 32 மருந்துகளையும் ஒப்பிட்டு வந்த பெரிய ஆய்வுகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. குளோசபின் ஒரு படி மேலே. அமிசல்ப்ரைடு, ஓலன்சபின், ரிஸ்பெரிடோன் கொஞ்சம் முன்னால். மற்றவற்றுக்குள் வித்தியாசம் சிறியது. பக்கவிளைவுகளிலோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அமெரிக்காவில் சுமார் 1,500 பேரை வைத்து நடத்தி 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கொடுத்த மருந்தை 18 மாதத்துக்குள் நான்கில் மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள் அல்லது மாற்றிக்கொண்டார்கள். அதைப் படித்தபோது என் தம்பி ஒருவன்தான் பிடிவாதக்காரன் என்று நினைத்திருந்ததற்கு வெட்கப்பட்டேன்.

எங்கள் வேலையில் இதைப் புரிந்துகொள்வது எளிது. ஒரு வண்டியை இழுக்க எத்தனையோ இஞ்சின்கள் உண்டு. எந்த இஞ்சினை எந்த லைனில் விடலாம் என்று முடிவு செய்யும்போது அதன் இழுசக்தியை மட்டும் பார்க்க மாட்டோம். அதன் அச்சுச் சுமையை இந்தத் தண்டவாளமும் இந்தப் பாலமும் தாங்குமா என்று பார்ப்போம். 60 கிலோ தண்டவாளத்தில் ஓடும் இஞ்சினைப் பழைய கிளைப்பாதையில் விட்டால், குற்றம் இஞ்சினுடையது அல்ல. சர்க்கரைக் குடும்பத்துப் பிள்ளைக்கு, கேட்காமல் கொள்ளாமல் ஓலன்சபினைக் கொடுத்ததும் அப்படித்தான்.

தம்பி அரிப்பிப்ரசோலைத் தேர்ந்தெடுத்தான். நான் வேண்டாம் என்றேன். அவன் மிகவும் அஞ்சிய இருப்புக்கொள்ளாமை அதில்தானே வரும்! "வந்தா சொல்லிருவேன் அண்ணே. இப்ப அதுக்குப் பேரு தெரியும்ல" என்றான். குறைந்த அளவில் தொடங்கினார்கள். பழைய மருந்தை ஒரே நாளில் நிறுத்தாமல், புதியதை ஏற்ற ஏற்ற அதைக் குறைத்து, ஆறு வாரத்தில் மாற்றினார்கள். இரண்டாவது வாரமே கால் துடிக்கத் தொடங்கிவிட்டது. எனக்குப் பழைய வராந்தா நினைவு வந்து கை நடுங்கியது. அவனோ தானே போன் போட்டு, "பேச்சைனி, மேடம். கப்ராஹட் இல்லை" என்றான். அளவைக் குறைத்து, ப்ரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சில வாரம் சேர்த்துக் கொடுத்தார்கள். அடங்கிவிட்டது. குரல்கள் அறவே போய்விட்டன என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது வருகின்றன. மாடி வீட்டு ரேடியோ மாதிரி என்கிறான். சர்க்கரைக்காக மெட்ஃபார்மினும் சாயங்கால நடையும் சேர்ந்து, எடை மூன்று வருடத்தில் 70-க்கு இறங்கியது.

அரிப்பிப்ரசோல்தான் எல்லோருக்கும் நல்லது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் ஒரு பையனுக்கு அது உட்பட இரண்டு மருந்துகள், முழு அளவில், வாரக்கணக்கில் கொடுத்தும் பலிக்கவில்லை. அப்படி இரண்டு மருந்து பலிக்காதவர்களுக்குத்தான் குளோசபின். 1975-இல் பின்லாந்தில் அதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அற்றுப்போய் இறந்தார்கள். அதனால் பல நாடுகளில் ஒதுக்கி வைத்தார்கள். வேறெதற்கும் மசியாத நோய்க்கு அது பலிக்கிறது என்று 1988-இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு, ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு திரும்ப வந்தது. அந்தப் பையனின் அப்பா முதல் நான்கு மாதமும் வாரம் தவறாமல் ரத்தம் கொடுக்க அழைத்துப்போனார். எடை ஏறியது, தூக்கத்தில் தலையணை நனையும் அளவுக்கு எச்சில் வடிகிறது. ஆனால் ஆறு வருடமாக வீட்டை விட்டு வெளியே வராதவன் இப்போது கடையில் கணக்கெழுதுகிறான். அந்தக் குடும்பத்துக்கு அந்தத் தொந்தரவுகள் கட்டுபடியாகின்றன. இதில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது, குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

பெண்கள் விஷயம் ஒன்று. என் மனைவி சொல்லி எழுதுகிறேன். அவளுக்குத் தெரிந்த பெண் ஒருத்திக்கு மருந்து தொடங்கியபின் மாதவிலக்கு நின்று, மார்பில் பால் சுரந்தது. கர்ப்பமோ என்று வீட்டில் சந்தேகப்பட்டு அவளை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. அது ரிஸ்பெரிடோன் ஏற்றிய ஹார்மோனின் வேலை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கும், மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஆண்களும் தங்கள் பக்கத்துக் குறையைச் சொல்வதில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தம்பியிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசுவார். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். மருந்தின் கம்பெனிப் பெயரல்ல, மூலப்பெயரும் அளவும் அதில் இருக்கும். ட்ரான்ஸ்ஃபரில் ஊர் ஊராகப் போகும் நம் போன்றவர்களுக்கு இது அவசியம்; ஓர் ஊரில் கிடைக்கும் பிராண்டு அடுத்த ஊரில் கிடைக்காது. எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மருந்து தொடங்கும் முன்பும், மூன்றாம் மாதமும், பிறகு வருடம் ஒரு முறையும் பார்த்து எழுத வேண்டும். எடையை முதல் மூன்று மாதம் மாதாமாதம் பார்ப்பது நல்லது. ஏறத் தொடங்கியவுடன் பிடித்தால்தான் பிடிக்க முடியும், 26 கிலோ ஏறிய பிறகு அல்ல. வருடம் ஒரு முறை டாக்டர் தம்பியை வாயைத் திறக்கச் சொல்வார், நாக்கை நீட்டச் சொல்வார், கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தட்டச் சொல்வார். வருடக்கணக்கில் இந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு வாய் தானாக மெல்லுவது போல அசையத் தொடங்கும். டார்டிவ் டிஸ்கினீசியா என்பார்கள். முற்றிவிட்டால் போகாமலே நின்றுவிடலாம். 2019-இல் தம்பியின் உதட்டோரம் லேசாக ஓர் அசைவு தெரிந்தது. நோட்டில் எழுதியிருக்கிறோம். இதுவரை கூடவில்லை.

ஒன்று மட்டும் அவசரம். கடும் காய்ச்சல், உடம்பு கட்டை போல விறைப்பு, வியர்வை, நினைவு தடுமாற்றம், இவை சேர்ந்து வந்தால் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வமாக வருவது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. இன்னொன்று, நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி. மறதி நோய் வந்த முதியவர்கள் ராத்திரி கத்துகிறார்கள் என்று இந்த மாத்திரைகளைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்கு இதனால் மரண அபாயம் கூடுகிறது என்று 2005-இலேயே அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

தண்டவாளத்தில் எங்காவது பலவீனம் இருந்தால் டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுப்போம். எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த வேகத்தில் என்று எழுதியிருக்கும். கொடுத்தால் பயந்து வண்டியை ஓட்டாமல் விட்டுவிடுவாரோ என்று யாரும் மறைப்பதில்லை. பக்கவிளைவைச் சொன்னால் நோயாளி மாத்திரை சாப்பிட மாட்டான் என்று மறைக்கிறார்களே, அந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2017-ஆம் வருடத்து மனநலச் சட்டம், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை என்ன, அதன் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்று அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று அதில் இருக்கிறது. கேட்பதற்கு இந்தி போதவில்லை என்றால், மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம். 1990-இல் எனக்கு அப்படி ஓர் எண் இருந்திருந்தால், கப்ராஹட் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

தம்பிக்கு 60 தாண்டிவிட்டது. 2010-இலிருந்து ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் பாதி நாள் வேலை பார்த்தான், இப்போது வீட்டில்தான் இருக்கிறான். ராத்திரி சாப்பிட்டதும் தானே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு நோட்டில் ஒரு டிக் அடிக்கிறான். காலையில் ஐந்தரைக்கெல்லாம் எழுந்து காபி போடுகிறான். தனக்கும், எனக்கும், மதினிக்கும். ஊறுகிற டிகாக்‌ஷனைப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பான். 1993-க்குப் பிறகு நான் போட்ட காபியை அவன் குடித்ததில்லை.